ஆல்ஃபா புரோட்டோகால் இப்போது வாங்கலாமா? டியூஸ் எக்ஸைப் பக்கத்தில் வைத்து ஒரு அலசல்

ஒப்சிடியன் உருவாக்கி சேகா வெளியிட்ட 'ஆல்ஃபா புரோட்டோகால்' என்ற வீடியோ கேம் 2010 மே மாதக் கடைசியில் வந்தது. ஐடோஸ் மாண்ட்ரியாலின் 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' 2011 ஆகஸ்ட்டில் வந்தது. நடுவில் பதினைந்து மாதம்தான். அட்டையின் பின்பக்கம் படித்தால் இரண்டும் ஒரே சரக்குதான்: ஒளிந்து போகலாம், சுட்டுக்கொண்டே போகலாம், ஹேக் செய்யலாம், பேசியே காரியம் சாதிக்கலாம், கிடைக்கும் பாயிண்ட்டில் ஸ்கில் ஏற்றலாம். பின்னால் வந்ததைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். முன்னால் வந்தது விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. வந்த ஆண்டிலேயே இரண்டாம் பாகம் கிடையாது என்று சேகா கையை விரித்துவிட்டது.

இன்று இரண்டுமே தள்ளுபடி சீசனில் சல்லிசாக வரும். ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்த்துக்காக, அதாவது ஒளிந்து மறைந்து ஆடுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் ஹியூமன் ரெவல்யூஷன், மறுபேச்சே இல்லை. ஆனால் அது தருவதை 2012-இல் வந்த 'டிஸ்ஆனர்ட்' வேறு விதத்தில் தருகிறது, 2016-இல் வந்த அதன் அடுத்த பாகம் 'மேன்கைண்ட் டிவைடட்' அதே விதத்தில் இன்னும் மெருகாகத் தருகிறது. ஆல்ஃபா புரோட்டோகால் தருகிற ஒரு விஷயத்துக்கு மட்டும் எனக்குத் தெரிந்து இன்றுவரை மாற்றுக் கேம் இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம். பட்டியல் சின்னது இல்லை.

ஆல்ஃபா புரோட்டோகாலில் நீங்கள் மைக்கேல் தார்ட்டன் என்ற உளவாளி. பயணிகள் விமானம் ஒன்றை ஏவுகணை வீழ்த்துகிறது. அதன் பின்னணியைத் தேடி சவுதி அரேபியாவில் தொடங்கி ரோம், தைபே, மாஸ்கோ என்று போகிறீர்கள். சவுதியில் முதல் முறை துப்பாக்கியைத் தூக்கும்போதே எரிச்சல் தொடங்கிவிடும். எதிரியின் நெஞ்சில் குறி பொருந்தி நிற்கிறது, சுடுகிறீர்கள், குண்டு எங்கோ போகிறது. இது சுடும் கேம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இயங்குவது ரோல் பிளேயிங் கணக்கு: குண்டு படுமா என்பதை உங்கள் கையல்ல, தார்ட்டனின் ஸ்கில்தான் முடிவு செய்யும். ஸ்கில் ஏறாத வரை, குறிவட்டம் சுருங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்துதான் சுட வேண்டும். வேகமாகச் சுட்டுப் பழகியவர்கள் பலர் இந்த இடத்திலேயே கேமை மூடிவிட்டுப் போனார்கள்.

ஸ்டெல்த் அதைவிடக் கோமாளித்தனம். சில நேரம் முதுகைக் காட்டி நிற்கும் காவலாளி மோப்பம் பிடித்ததுபோல் திரும்புவான்; சில நேரம் பக்கத்தில் நிற்பவனை நீங்கள் மடக்கிப் போட்டாலும் கண்டுகொள்ள மாட்டான். அதே சமயம் ஸ்டெல்த் ஸ்கில்லை மேலே ஏற்றினால் சில நொடிகளுக்குக் கண்ணுக்கே தெரியாத ஆளாக மாறிவிடலாம். நட்டநடு அறையில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், நான்கு பேரை வரிசையாகத் தூங்கவைத்துவிட்டு நடந்து போகலாம். எதிர்காலத் தொழில்நுட்பம், மாயக் கவசம் என்று எந்தச் சாக்கும் சொல்லாமல் கேம் இதை அனுமதிக்கிறது. எனக்கு இதில் ஒரு அசட்டுச் சந்தோஷம் உண்டு. ஆனால் இதைத் திறமையான ஸ்டெல்த் வடிவமைப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பூட்டுத் திறப்பது, அலாரம் வயரைப் பிரிப்பது, கணினியை உடைப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குட்டி விளையாட்டுகள். ஹேக்கிங்கில் எழுத்துகள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு கட்டத்துக்குள் மாறாமல் நிற்கும் இரண்டு வரிகளைத் தேடிப்பிடிக்க வேண்டும். பி.சி.யில் ஒன்றைக் கீபோர்டாலும் மற்றொன்றை மவுஸாலும் நகர்த்த வேண்டும். நகரும் மவுஸோ சேற்றில் கால் வைத்த மாதிரி இழுக்கும். கேம்பேட் இருந்தால் அதைச் செருகிவிடுங்கள். மின்னணுச் சமாச்சாரம் என்றால் ஒரு ஈ.எம்.பி. (மின்னணுவைச் செயலிழக்கவைக்கும் சாதனம்) செலவழித்துத் தாண்டிவிடலாம் என்பதால் கையில் எப்போதும் சில வைத்திருப்பது நல்லது.

இப்போது ஹியூமன் ரெவல்யூஷன் பக்கம் வாருங்கள். கதை நடப்பது 2027-இல். சரிஃப் இண்டஸ்ட்ரீஸின் பாதுகாப்பு அதிகாரி ஆடம் ஜென்சன், உடம்பில் பாதி இயந்திரமாகிவிட்ட மனிதன். டெட்ராய்ட், ஷாங்காய் பக்கத்தில் இரண்டடுக்காக எழுந்து நிற்கும் ஹெங்ஷா என்று போகிறான். கறுப்பும் தங்கமுமாக ஒரு நிறக்கலவை, மறுமலர்ச்சிக் காலத்தை நினைவூட்டும் உடைகள். கிராஃபிக்ஸ் பழசாகிவிட்டாலும் அந்த ஓவியக்கண் பழசாகவில்லை. ஆல்ஃபா புரோட்டோகால் வந்த நாளிலேயே வெளிறித்தான் இருந்தது.

ஸ்டெல்த் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதற்கு டெட்ராய்ட் போலீஸ் ஸ்டேஷன் ஒன்று போதும். பிணவறையில் கிடக்கும் ஒரு சடலத்திலிருந்து ஒரு சாதனத்தை எடுக்க வேண்டும். சாக்கடை வழியாக நுழையலாம். பின்பக்கச் சந்தில் இருக்கும் கதவை ஹேக் செய்யலாம். துணிச்சலாக முன்வாசலில் நுழைந்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பழைய சகா வேய்ன் ஹாஸிடம் பேசியே அனுமதி வாங்கலாம். வாங்கிவிட்டால் ஸ்டேஷன் முழுக்க ராஜா மாதிரி நடக்கலாம். பின்னால் மறுபடி டெட்ராய்ட் வரும்போது, உங்களை உள்ளே விட்டதால் வேலை போன அதே ஹாஸ் உங்கள் குடியிருப்பில் வந்து நிற்பான். இந்த ஒரு மணி நேரத்தில் இடம், ஆள், பின்விளைவு மூன்றும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

இதற்கும் குறைகள் உண்டு, கொண்டாட்டத்தில் அவற்றைப் பலர் சொல்வதில்லை. மிகப் பெரிய குறை எக்ஸ்.பி. கணக்கு, அதாவது ஸ்கில் ஏற்ற உதவும் அனுபவப் புள்ளிகள். ஆளைக் கொல்லாமல் மடக்கினால் கொல்வதைவிடக் கூடுதல் புள்ளி. ஹேக் செய்தால் தனியாகப் புள்ளி. விளைவு? பாஸ்வேர்டு கையில் இருந்தும் அதைத் தட்டாமல் ஹேக் செய்துகொண்டிருப்பீர்கள். ஏற்கெனவே வெளியேற வழி தெரிந்தும், இரண்டு புள்ளி அதிகம் கிடைக்கிறதே என்று காற்றுக்குழாய்க்குள் ஒருமுறை ஊர்ந்து வருவீர்கள். எப்படி வேண்டுமானாலும் ஆடலாம் என்று சொல்லிவிட்டு, ஒரே மாதிரி ஆடுபவனுக்குத்தான் சம்பளத்தை உயர்த்துகிறது. பூட்டிய ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி, அதன் பின்னால் ஒரு குழாய் என்ற வசதியும் பத்து மணி நேரத்தில் சலித்துவிடும்.

2011 பதிப்பின் பாஸ் ஃபைட்டுகள், அதாவது பெரிய வில்லன்களோடு நடக்கும் சண்டைகள், இன்னொரு தலைவலி. அவற்றை வெளியே வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்துச் செய்தார்கள். ஒரு குண்டு சுடாமல் ஒளிந்தே வந்தவனை மூடிய அறைக்குள் தள்ளி, இரும்பு மனிதனோடு மோதச் சொன்னார்கள். 2013-இல் வந்த டைரக்டர்ஸ் கட் பதிப்பில் இதைச் சரிசெய்து, ஹேக்கிங்காலும் ஒளிந்தும் ஜெயிக்க வழி விட்டார்கள். வாங்கினால் அந்தப் பதிப்புதான். திரை முழுக்கப் படர்ந்திருந்த மஞ்சள் சாயமும் அதில் குறைவு. 'மிஸ்ஸிங் லிங்க்' என்ற கூடுதல் அத்தியாயத்தைக் கதை நடுவிலேயே செருகியிருக்கிறார்கள். சேர்த்த சக்தியெல்லாம் பிடுங்கப்பட்டு ஒரு கப்பலில் தொடங்குவதால், அந்த இடத்தில் வேகம் கொஞ்சம் தடுக்கும்.

இந்த விஷயத்தில் ஆல்ஃபா புரோட்டோகாலுக்குத் திருத்தப் பதிப்பு என்று எதுவும் வரவில்லை. மாஸ்கோவில் கான்ஸ்டான்டின் பிராய்கோ என்ற தாதா, எண்பதுகளின் ராக் பாட்டு அலற, ஒளிவிளக்குகள் சுழல, மேடையில் நின்று சண்டைக்கு வருவான். இடையிடையே கொக்கைனை இழுத்துக்கொண்டு, குண்டு எதுவும் தைக்காத ஆளாக, கத்தியோடு பாய்வான். ஸ்டெல்த் மட்டுமே ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் இங்கே திணறுவார்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஜென்சன் மோதும் பாஸ்கள் எனக்கு வெறும் உடம்புகள், பிராய்கோ ஓர் ஆள். அவனுடைய உடை, பாட்டு, கிறுக்கு எல்லாம் நினைவில் நிற்கிறது.

இனி, ஆல்ஃபா புரோட்டோகாலை வாங்குவதற்கான அந்த ஒரே காரணத்துக்கு வருகிறேன்.

எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நீங்கள் என்ன பதில் சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். கீழே ஒரு கோடு தேய்ந்துகொண்டே வரும். திரையில் முழு வசனம் இருக்காது. குழைந்து பேசுவதா, அலுவல் தோரணையா, மிரட்டலா என்ற தோரணை மட்டும்தான். எல்லாரிடமும் நல்லபிள்ளையாக இருந்தால் ஜெயித்துவிடலாம் என்ற வழக்கமான ரோல் பிளேயிங் கணக்கு இங்கே செல்லாது. ஒருவருக்குச் சிரிப்பு பிடிக்கும், இன்னொருவருக்கு அதே சிரிப்பு அருவருப்பு. ஒருவர் உங்களை வெறுத்தாலும்கூட அதற்கென்று ஒரு பெர்க் (சிறு கூடுதல் சலுகை) கிடைக்கும். அதனால் சிலரை வேண்டுமென்றே சீண்டிக் கோபப்படுத்துவதும் ஒரு வியூகம். மாஸ்கோ மதுக்கடையில் தகவல் விற்கும் கிரிகோரியிடம் பொறுமையாகப் பேரம் பேசலாம். பாட்டிலை எடுத்து அவன் தலையில் உடைக்கவும் செய்யலாம். சவுதியில் பிடிபடும் ஆயுதத் தரகன் நஸ்ரியைக் கைது செய்யலாம், கொல்லலாம், விட்டும்விடலாம். அந்த அத்தியாயத்தின் முடிவில் பயங்கரவாதக் குழுத் தலைவன் ஷேக் ஷஹீத் விஷயத்திலும் இதே மூன்று வாசல்கள். முன்னவன் சில்லறை, பின்னவன் முழுக்கதையையும் அசைப்பவன்.

ரோம், தைபே, மாஸ்கோ மூன்றையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு நகரத்தில் பொறுக்கிய தகவல் இன்னொரு நகரத்தின் பேச்சில் ஆயுதமாகும். யாரைப் பற்றிய கோப்பை முழுதாகச் சேர்த்தீர்களோ, அவர் பொய் சொல்லும்போது மடக்க ஒரு வரி கூடுதலாக முளைக்கும். கதை முழுவதுமே பின்னால் நடக்கும் ஒரு விசாரணையில் நினைவுகூரப்படுவதாக அமைத்திருக்கிறார்கள். ஹால்பெக் என்ற ஆயுத நிறுவனத்தின் தலைவர் லேலண்ட் எதிரே உட்கார்ந்து, நீங்கள் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கிளறுவார். 'என் தேர்வை இந்தக் கேம் கவனிக்கிறதா?' என்ற சந்தேகமே எழாது.

எல்லாரும் திட்டும் ஒரு குறை இங்கே பலமாக மாறிவிடுவதுதான் வேடிக்கை. நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது, கேம் தானே சேவ் செய்யும் செக்பாயிண்ட் மட்டும்தான். ஒளிந்து போகும்போது இது கொடுமை. பேச்சில் இதுதான் உயிர். ஹியூமன் ரெவல்யூஷனில் ஹாஸிடம் வார்த்தை தவறினால் குவிக் சேவை ஏற்றி மறுபடி பேசிப் பார்க்கலாம், பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள். இங்கே வாய் தவறினால் தவறியதுதான், அதோடு வாழ வேண்டும். ஜென்சன் கதையின் முடிவோ, அதுவரை என்ன செய்திருந்தாலும், கடைசி அறையில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் வந்து நிற்கிறது. தார்ட்டனின் முடிவில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் துரோகி என்பதெல்லாம் பத்துப் பதினைந்து மணி நேரமாகச் சேர்ந்த பாக்கி.

நேரக்கெடு வைத்த உரையாடலை டெல்டேல் நிறுவனத்தின் கதைக் கேம்கள் 2012-க்குப் பிறகு பிரபலமாக்கினவே என்று கேட்கலாம். அங்கே வசனம் மாறும், ஆனால் கதை திரும்ப ஒரே வாய்க்காலில்தான் வந்து விழும்.

2000-இல் அயன் ஸ்டார்ம் செய்த முதல் டியூஸ் எக்ஸையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பார்கள், நியாயம்தான். மரப்பொம்மை முகங்கள், அபத்தமான குரல்கள், ஆனால் சுவரில் ஒட்டும் வெடிகளைப் படியாக்கி மேலே ஏறும் அளவுக்குச் சுதந்திரம். எந்த லேப்டாப்பிலும் ஓடும். பழைய கட்டுப்பாடுகள் உறுத்தாதவர்கள் தாராளமாக வாங்கலாம். பழைய கேமே பழக்கமில்லாதவருக்கு முதல் வாங்கலாக இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எங்கே வாங்குவது என்பதும் முக்கியம். இசை உரிமம் காலாவதியானதால் ஆல்ஃபா புரோட்டோகாலை 2019-இல் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் ஜி.ஓ.ஜி. என்ற இன்னொரு ஆன்லைன் கடை அதை மறுபடி கொண்டுவந்தது. பாட்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, டி.ஆர்.எம். என்ற நகல் தடுப்புப் பூட்டு கிடையாது, புதிய விண்டோஸிலும் புதிய கேம்பேடிலும் ஓடும்படி செய்திருக்கிறார்கள். ஆகவே பழைய ஸ்டீம் கீ விற்கிறேன் என்று வருபவர்களிடம் போக வேண்டிய அவசியமே இல்லை. டைரக்டர்ஸ் கட் ஸ்டீமிலேயே இருக்கிறது.

ஆல்ஃபா புரோட்டோகாலை வாங்கியவர்களுக்கு ஒன்று. பாயிண்ட்டை எல்லாவற்றிலும் தெளிக்காமல் பிஸ்டலிலும் ஸ்டெல்த்திலும் கொட்டுங்கள். பிஸ்டலில் செயின் ஷாட் என்ற திறன் வந்துவிட்டால் நேரத்தை நிறுத்திவைத்து ஒவ்வொருவரையும் குறிபார்க்கலாம். பிராய்கோகூட அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆரம்பத்தில் தார்ட்டனின் பின்னணி கேட்கும்போது ரெக்ரூட் (புதுமுகம்) என்பதைத் தொடாதீர்கள், அதில் ஒரு ஸ்கில் பாயிண்ட்கூடத் தரமாட்டார்கள். இரண்டாவது முறை ஆடும்போது எடுங்கள். அனுபவமில்லாத பையன் என்று மற்றவர்கள் தார்ட்டனிடம் பேசும் தோரணையே மாறும், முடித்தால் வெட்டரன் (அனுபவசாலி) என்ற பின்னணி திறக்கும். இரண்டாவது முறை ஆடும் எண்ணமே இல்லை, ஒருதடவை முடித்து வைத்துவிடுவேன் என்பவர் நீங்கள் என்றால், டைரக்டர்ஸ் கட்டையே வாங்கிக்கொள்ளுங்கள்.