டேபிள் புக் பண்ண முன்பணம் கட்டாதீர்கள்: எங்கள் 12,000 ரூபாய்க்கு நாமம்

ரூ.12,000. சாப்பிட்ட பில்லை இதில் சேர்க்கவில்லை, அதைத் தனியாகக் கட்டிவிட்டுத்தான் வந்தோம். ஒரு ரெஸ்டாரண்டில் டேபிளை உறுதி செய்ய என்று புக்கிங் ஆப்பில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, "பில்லில் கழித்துக்கொள்ளப்படும்" என்று எழுதியும் வாயால் சொல்லியும் நம்ப வைத்து, கடைசியில் ஒரு பைசா கழிக்காமல் அமுக்கிக்கொண்ட பணம் இது. இன்று மதியம்கூட அந்த ஆப் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், அதனால் வார்த்தை கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். முழுக்கப் படியுங்கள், கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ரெஸ்டாரண்ட் பெயரையும் ஆப்பின் பெயரையும் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும் வரை போடக்கூடாது என்று என் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். சென்னையில் இப்போது மத்திய தரைக்கடல் பக்கத்துச் சாப்பாடு போடுகிற இடங்கள் நிறைய வந்துவிட்டன. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, தொட்டியில் ஆலிவ் செடி, மங்கலான மஞ்சள் விளக்கு. மெனுவில் ஹம்முஸ் (கொண்டைக்கடலை மசியல்), ஃபலாஃபெல் (கடலை அரைத்துப் பொரித்த உருண்டை), கோஃப்தா (கொத்துக்கறி உருண்டை), ஹலூமி (ஒரு வகைச் சீஸ்). எல்லாம் சின்னச் சின்னத் தட்டாக வரும், நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். தட்டு ஒன்று 500க்குக் கீழே கிடையாது. அப்படிப்பட்ட ஒரு இடம்.

அப்பா அம்மாவுக்கு 40வது கல்யாண நாள். அண்ணன், அண்ணி, நாங்கள் இரண்டு பேர், அப்பா, அம்மா, ஆக ஆறு பேர். சனிக்கிழமை இரவு. ஆப்பில் பார்த்தால் ஒரு ஆளுக்கு ரூ.2,000 கவர் சார்ஜ் (டேபிளுக்கான முன்பணம்), கீழேயே "முழுத் தொகையும் பில்லில் கழிக்கப்படும்" என்று இருந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் வீட்டுக்காரர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அப்போதும் எனக்கு ஒரு உறுத்தல். பணம் கட்டும் முன் ரெஸ்டாரண்டுக்கே ஃபோன் போட்டேன்.

எடுத்த பையன் அவ்வளவு தேனாகப் பேசினான். "மேம், அது உங்க காசுதான் மேம், எங்ககிட்ட சும்மா இருக்கும், அவ்ளோதான். பில் வந்ததும் அப்படியே மைனஸ் ஆகிடும். சில பேர் புக் பண்ணிட்டு வராம போயிடறாங்க, டேபிள் காலியா கிடக்குது, அதுக்காகத்தான் மேம்." நியாயமாகத்தானே இருக்கிறது? அம்மா சுத்த சைவம் என்றேன். "அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி இடுக்கி மேம், நானே பார்த்துக்கறேன்." என்ன விசேஷம் என்று கேட்டான். சொன்னேன். உடனே, "அங்கிள் ஆன்ட்டிக்கு வாழ்த்துகள் சொல்லுங்க மேம், டெசர்ட் தட்டுல பெயர் எழுதித் தரோம்" என்று பெயர்களை எழுத்து எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஃபோனை வைத்த கையோடு ரூ.12,000 யுபிஐயில் அனுப்பினேன். பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்கிறவன் காசை அமுக்குவான் என்று யாருக்குத் தோன்றும்?

போய் உட்கார்ந்ததும் முதல் அடி. ஏழரைக்கு டேபிள், ஒன்பது மணிக்கு அடுத்த பார்ட்டி வந்துவிடும், எழுந்துவிட வேண்டுமாம். இதை ஆப்பிலும் போடவில்லை, ஃபோனிலும் சொல்லவில்லை. தண்ணீர் வைத்த பையனே சொல்லிவிட்டுப் போனான். "ஒரு ஆளுக்கு மூன்று தட்டு எடுத்தால் சரியாக இருக்கும்" என்று ஆலோசனை வேறு. தட்டுகள் வரிசையாக வராது, கிச்சனில் எது ரெடியோ அது வரும். அதாவது அவர்கள் வசதிக்கு எது முதலில் முடிகிறதோ அது.

ஃபலாஃபெல் தட்டில் நான்கு உருண்டை. ஆறு பேர். விலை ரூ.595. அண்ணன் கத்தியை எடுத்து ஒவ்வொன்றாகப் பாதியாக வெட்டிப் பங்கு வைத்ததைப் பார்த்துப் பக்கத்து டேபிளில் சிரித்தார்கள். ஹம்முஸ் ஒரு கிண்ணம், அதற்கு உள்ளங்கை அகலத்தில் இரண்டு பீட்டா ரொட்டி. இன்னும் ரொட்டி கேட்டால் அதற்குத் தனியாக ரூ.195. லெபனான் பக்கம் இந்த மாதிரி மெஸ்ஸே, அதாவது சின்னத் தட்டு வகைகள், சாப்பிடும்போது ரொட்டி தீரத் தீர வந்துகொண்டே இருக்கும், அதற்கெல்லாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அவ்வளவு பெரிய கிண்ணத்தில் ஹம்முஸை வழித்து வைத்துவிட்டு, தொட்டுச் சாப்பிட ரொட்டியை எண்ணிக் கொடுப்பது என்ன தாராளமோ.

ஹலூமி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது சைப்ரஸ் நாட்டுச் சீஸ். கிரில்லில் போட்டாலும் உருகாது, நல்ல உப்பு இருக்கும், கடித்தால் பல்லுக்கிடையில் கிறீச் என்று சத்தம் வரும். அந்தப் பெயரை 2021ல் ஐரோப்பிய ஒன்றியமே சைப்ரஸுக்கு உரியது என்று பதிவு செய்து கொடுத்திருக்கிறது. எங்கள் தட்டில் வந்த துண்டை ஃபோர்க்கால் தொட்டதும் உதிர்ந்தது. உப்பும் இல்லை, சத்தமும் இல்லை. மேலே கிரில் கோடு மட்டும் அழகாக இருந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடி, பனீருக்கா ரூ.745?" என்றாள். பரிமாறிய பையனிடம் கேட்டேன். "இம்போர்ட்டட் மேம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லக்கூடாது. முஹம்மரா நன்றாக இருந்தது. சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, வால்நட்டும் புளிப்பான மாதுளைப் பாகும் சேர்த்து அரைக்கிற சிரியாக்காரர்கள் அயிட்டம். அதைக் கிண்ணம் வழித்துச் சாப்பிட்டோம்.

அம்மாவுக்குத் தனித் தட்டு என்றானே, அது? காளானும் குடமிளகாயும் கோத்த கம்பியைச் சிக்கன் கம்பிகளோடு ஒரே பலகையில் வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். சிக்கன் எண்ணெய் பலகையில் ஓடிக் காளானுக்கு அடியில் தேங்கி நிற்கிறது. இடுக்கியும் ஒன்றே ஒன்று. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஹம்முஸும் ரொட்டியுமாக முடித்துக்கொண்டாள். கல்யாண நாள் யாருடையது? வேறு தட்டு கேட்டேன். "ஃப்ரெஷ்ஷா போட இருபது நிமிஷம் ஆகும் மேம், உங்க ஸ்லாட் முடியுது" என்கிறான்!

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். பில் வந்தது.

சாப்பாடு ரூ.13,400. அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ரூ.1,340. இரண்டையும் கூட்டி அதன்மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி ரூ.737. மொத்தம் ரூ.15,477. நாங்கள் முன்பே கட்டிய ரூ.12,000 எங்கே? பில்லில் மேலிருந்து கீழே தேடிவிட்டேன், காணோம்.

மேனேஜர் வந்தார். கோட், புன்னகை, காதில் ஒரு கருவி. "மேடம், இன்னைக்கு டிஜே நைட். அந்த அமௌண்ட் ஈவென்ட் என்ட்ரி. அது ரிடீமபிள் கிடையாது." அதாவது பில்லில் கழிக்க மாட்டார்களாம். டிஜே நைட்டா? மூலையில் ஒருத்தர் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை ஓடவிட்டிருந்தார், அவர்தான் டிஜேவாம். தமிழ்நாட்டில் பார் லைசென்ஸ் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். இந்த மாதிரித் தனி ரெஸ்டாரண்டில் புதினா போட்ட எலுமிச்சை ஜூஸ்தான் அதிகபட்ச போதை. அதற்கு ஆளுக்கு ரூ.2,000 நுழைவுக் கட்டணமா? அப்பாவுக்கு 71 வயது, அவர் டிஜே பார்க்கவா வந்தார்?

வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினோம். "முழுத் தொகையும் பில்லில் கழிக்கப்படும்." கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ஆப்காரங்க போட்டது மேடம், நாங்க போட்டதில்லை." ஃபோனில் உங்கள் ஆளே சொன்னாரே என்றேன். "யார்னு பெயர் தெரியுமா மேடம்?" எங்கள் பெயரை எழுத்து எழுத்தாக வாங்கிக்கொண்டவன் தன் பெயரைச் சொல்லவில்லை. டெசர்ட் தட்டிலும் பெயர் இல்லை, அது வேறு கதை.

சரி, சர்வீஸ் சார்ஜையாவது எடுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது: பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, அதைச் சாப்பாட்டு விலையோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. ரெஸ்டாரண்ட் சங்கங்கள் வழக்குப் போட்டுப் பார்த்தன, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று சொல்லிவிட்டது. இதை நான் பாதி சொல்வதற்குள் மேனேஜர் மறுபேச்சுப் பேசாமல் பில்லை எடுத்துப்போய் ரூ.14,070 என்று புதிதாக அடித்துக்கொண்டு வந்தார். அங்கேதான் எனக்கு நன்றாகப் புரிந்தது. எல்லாம் தெரிந்துதான் போடுகிறார்கள். கேட்கிறவர்களுக்கு எடுத்துவிடுவது, கேட்காதவர்கள் தலையில் கட்டுவது.

ரூ.12,000 விஷயத்தில் மட்டும் ஆள் அசையவே இல்லை. "விடும்மா, நல்ல நாளும் அதுவுமா சண்டை வேண்டாம்" என்று அப்பா எழுந்துவிட்டார். ஒன்பது மணிப் பார்ட்டி வேறு எங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. கட்டிவிட்டு வந்தோம். ரூ.14,070, அதற்கு முன்பே ரூ.12,000. ஆக ரூ.26,070க்கு ஆறு பேர் அரைவயிறு. வழியில் அம்மாவுக்கு இட்லி வாங்கிக்கொண்டுதான் வீடு வந்தோம்.

அதற்கப்புறம் நடப்பதுதான் கூத்து. ஆப்பில் புகார் போட்டால் முதலில் ஒரு ரோபோ வந்து, "உங்கள் சிரமம் புரிகிறது" என்கிறது. புரிந்தால் பணத்தைக் கொடு. அப்புறம் ஒரு மனிதர் வந்தார்: தொகையை ரெஸ்டாரண்டுக்கு அனுப்பிவிட்டோம், அவர்களிடம் கேளுங்கள். ரெஸ்டாரண்டில் கேட்டால் எங்களுக்கு வரவேயில்லை, ஆப்பில் கேளுங்கள். இதை அப்படியே ஆப்பில் எழுதினால் "விதிமுறைகளின்படி, சிறப்பு நிகழ்ச்சி நாட்களில் கழிவு தருவது கடையின் விருப்பம்" என்று ஒரு வரியை ஒட்டிவிட்டு, புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? புக் பண்ணும்போது அந்தப் பக்கத்தில் சிறப்பு நிகழ்ச்சி என்று ஒரு சொல் கிடையாது, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இப்போது போய்ப் பார்த்தால் "முழுத் தொகையும்" என்ற வரியையே தூக்கிவிட்டு "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்.

வங்கியில் கேட்டேன். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய யுபிஐ பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். ரெஸ்டாரண்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, ஆவலாகத் திறந்தேன். "உங்கள் கருத்து எங்களுக்கு விலைமதிப்பற்றது. அடுத்த வருகையில் பக்லாவா இலவசம், குறைந்தபட்ச பில் ரூ.5,000." ரூ.12,000க்கு பக்லாவா என்ற ஒரு ஸ்வீட்! அதுவும் இன்னும் ஐயாயிரம் கொண்டுபோய்க் கொட்டினால்தான்.

இப்போது 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்திருக்கிறோம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் கொடுக்கலாம். அதிலும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை. அண்ணன் ஆவணங்களை எல்லாம் அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், எரிச்சலில் வரிசையெல்லாம் வரவில்லை. இந்த மாதிரி இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வார நாளில் மதியம் போங்கள், புக் பண்ணாமல் நேரே போனாலே டேபிள் கிடைக்கும். முன்பணம் கேட்டால் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டுமென்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடவாவது வழி இருக்கும். பில்லில் கழிப்போம் என்பதை ரெஸ்டாரண்ட் வாட்ஸ்அப்பிலேயே, அவர்கள் எழுத்தில், பேசுகிற ஆள் பெயரோடு வாங்குங்கள். அன்றைக்கு ஏதாவது "நைட்" இருக்கிறதா, எத்தனை மணிக்கு எழுப்பிவிடுவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர் இருந்தால் இந்தப் பகிர்ந்து சாப்பிடுகிற வகையே வேண்டாம். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லுங்கள், எடுத்துவிடுவார்கள்.

வேறு யாரிடமாவது இப்படி முன்பணம் வாங்கி அமுக்கி, அப்புறம் திரும்ப வந்திருந்தால் எந்த வழியில் வந்தது என்று சொல்லுங்கள். எங்களுக்கு வர வேண்டியது ரூ.12,000, பக்லாவா வேண்டாம்.