சித்தி தூங்காத நாலு ராத்திரி

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் ஊர். பொங்கலுக்கு மூன்று வாரம் லீவு போட்டு இங்கிலாந்தில் உள்ள லெஸ்டரிலிருந்து போயிருந்தேன். போய் இறங்கிய மறுநாள் காலை, பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, சித்தி ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நின்றார். "தலமாட்டுலயே வச்சிருந்தேன் பாப்பா, நீ வந்ததும் காட்டணும்னு. படிச்சு உள்ளதச் சொல்லிரு." கொடுத்த காபியைத் தொடவே இல்லை.

விஷயம் இதுதான். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 'மகளிர் கேன்சர் பேக்கேஜ்' என்று ஆஃபர் போட்டிருக்கிறார்கள், 3,500 ரூபாய். பக்கத்து வீட்டம்மா போகிறார் என்று சித்தியும் கூடப் போயிருக்கிறார். வந்த ரிப்போர்ட் 14 பக்கம், மேலிருந்து கீழ் வரை இங்கிலீஷ். ஒன்பதாம் பக்கத்தில் சிஏ 125 என்று ஒரு வரி (ஓவரி, அதாவது சினைப்பை, கேன்சருக்காக ரத்தத்தில் பார்க்கிற ஒரு அளவு), நேராக 42.6 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் 'ஹை' என்பதற்கு ஒரு எச். 35-க்குள் இருக்க வேண்டுமாம். கவுன்டரில் கேட்டதற்கு "டாக்டர்ட்ட காட்டிக்குங்க" என்றிருக்கிறார்கள். டாக்டர் ஃபீஸ் பேக்கேஜில் சேர்த்தி இல்லை. பாலிடெக்னிக் படிக்கிற தம்பி அந்தப் பேரை போனில் தட்டிப் பார்த்து, முகம் மாறி, போனை மூடி வைத்துவிட்டான். சித்திக்கு அந்த முகமே போதுமானதாக இருந்தது. நாலு ராத்திரி தூக்கம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. லெஸ்டரில் ஒரு ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்த சிஏ 125 கதை எனக்குத் தெரியும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தால் ஏறும், வீட்டு விலக்கு சமயத்தில்கூட ஏறும். சித்திக்கு 48 வயது, பத்து வருஷமாக நார்க்கட்டி இருக்கிறது, அது ஊருக்கே தெரியும், ரத்தம் எடுத்தவர்கள் மட்டும் கேட்கவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு ஓவரி கேன்சரைக் கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் உதவுமா என்று பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வருஷக்கணக்கில் ஆராய்ந்து, 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். வருஷா வருஷம் எடுத்துப் பார்த்தும் சாவு எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் அங்கே இதை எல்லோருக்கும் எடுப்பதில்லை, தொந்தரவோடு வருகிறவர்களுக்குத்தான். இங்கே பேக்கேஜில் இலவச இணைப்பு மாதிரி கொடுக்கிறார்கள்.

இருந்தாலும் நான் சொன்னால் போதுமா? பழனியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஸ்கேன் பார்த்தார், பழைய ஸ்கேனோடு வைத்துப் பார்த்தார், "அதே கட்டிதான்மா, அப்படியேதான் இருக்கு. மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ காட்டுங்க" என்றார். மொத்தம் இரண்டு நிமிஷம். வெளியே வந்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி, "கட்டின்னாலே கேன்சர் இல்லையா அப்போ?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நமக்கு முழங்கையில் வருவதும் கட்டி, பால் கட்டியதும் கட்டி, நார்க்கட்டியும் கட்டி, கேன்சரும் கட்டி. 'பரிசோதனை' என்றாலும் அப்படித்தான், "டெஸ்டுக்கு எழுதிட்டாங்க" என்றால் ஏதோ இருக்கிறது என்றுதான் ஊரில் அர்த்தம். ஒன்றுமே இல்லாதவர்களைச் சும்மா பார்த்து வைப்பதற்கு நம்மிடம் வாயில் நுழைகிற மாதிரி ஒரு சொல் இல்லை. போஸ்டர்களில் 'முன்கண்டறிதல்' என்று போடுகிறார்கள், அதைச் சொல்லி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சரி, நல்லதும் ஒன்று நடந்தது, அதையும் எழுதுகிறேன். மதினிக்கு 39 வயது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற அக்கா, "கர்ப்பப்ப வாய் டெஸ்டுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துட்டுப் போங்க, 30 வயசு தாண்டுனா எல்லாரும் பாக்கணும், காசு இல்ல" என்று மூன்று தடவை சொல்லியும் மதினி போகவில்லை. நான் வந்த சாக்கில் இழுத்துக்கொண்டு போனேன்.

வெளியே பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர். உள்ளே ஒரு மேசை, ஒரு திரை, ஒரு நர்ஸ். அந்த நர்ஸம்மா ஒரு சின்னக் கிண்ணத்தை மதினியின் மூக்குக்கிட்டே நீட்டி, "மோந்து பாருங்க, என்ன வாசன?" என்றார். "வினிகர் மாதிரி இருக்கு." "மாதிரி இல்ல, அதேதான். கோபி மஞ்சூரியனுக்கு ஊத்துவாங்கல்ல, அந்தப் புளிப்புதான், இன்னும் கொஞ்சம் தண்ணியா. கர்ப்பப்ப வாயில பஞ்சுல தொட்டு வச்சு ஒரு நிமிஷம் பாப்பேன். நல்ல தோல் அப்படியே இருக்கும், மாறுன தோல் இருந்தா அந்த எடம் மட்டும் வெளுத்துக் காட்டும். வெளுத்தா கேன்சர்னு இல்ல, பெரியாஸ்பத்திரில லென்சு வச்சு ஒருக்கா பாக்கணும்னு அர்த்தம்." கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரல் பக்கத்துக் குழியைக் காட்டி, இதுதான் கர்ப்பப்பை வாய் என்று வேறு காட்டினார். இங்கிலாந்தில் நான் பார்த்த எந்தத் துண்டுப்பிரசுரமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

ஆனால் அங்கேயும் ஒரு குழப்பம். மதினிக்கு முன்னால் போன பெரியம்மா திரைக்குப் பின்னாலிருந்து, "வெள்ளையா மாறுமா? எனக்கு வெள்ளப்படுதே, அப்ப கேன்சராம்மா?" என்று சத்தமாகக் கேட்க, பெஞ்ச் மொத்தமும் கப்சிப். நர்ஸ் பொறுமையாக, அது வேற இது வேற என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்கப்புறம் வந்தவர்களிடம் 'வெள்ளை' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'வெளுத்துக் காட்டும்' என்று மாற்றிக்கொண்டார் என்பது மதினியிடம் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது.

முடிந்ததும் ஒரு அட்டையில் 'விஐஏ நெகட்டிவ்' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார், விஐஏ என்பது இந்த வினிகர் டெஸ்டின் பேர். வாயால் "ஒண்ணுமில்ல, நல்லாருக்கு, அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க" என்றுதான் சொன்னார், அட்டையில் அது இல்லை. வீட்டில் அதைப் பார்த்த மாமியார், "நெகட்டிவ்னு போட்டிருக்கே, நல்லதில்லையா?" என்று கேட்க, மறுபடி விளக்கம். பாசிட்டிவாகப் பேசு, நெகட்டிவாகப் பேசாதே என்று நாள் முழுக்கச் சொல்கிற ஊரில் இந்த இரண்டு சொற்களையும் இப்படித் தலைகீழாகக் கையில் கொடுத்தால் என்ன செய்வார்கள்? நான் மட்டும் ஒழுங்கா என்ன. மூன்று வருஷம் முன்னால் எனக்கு 'எச்பிவி பாசிட்டிவ், செல்களில் மாற்றம் இல்லை' என்று கடிதம் வந்தபோது (எச்பிவி என்பது கர்ப்பப்பை வாய் கேன்சருக்குக் காரணமாகிற வைரஸ்), தினமும் இதே மாதிரிக் கடிதங்களோடு புழங்குகிற நான், பஸ் ஸ்டாப்பில் நின்று முதல் பாதியை மட்டும் நாலு தடவை படித்தேன். இரண்டாம் பாதி வீட்டுக்குப் போய்த்தான் கண்ணில் பட்டது.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. இந்த வினிகர் டெஸ்ட் உயிரைக் காப்பாற்றும் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே எங்கள் திண்டுக்கல் மாவட்டம்தான். 2000-ல் ஆரம்பித்து, 30-லிருந்து 59 வயது வரை உள்ள 31,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஊர் ஊராகப் போய் நர்ஸ்களே பார்த்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அப்படி அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைவு என்று 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையும் அதில் பங்கு, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். சித்திக்கோ மதினிக்கோ இது தெரியாது, எனக்கே லெஸ்டரில்தான் தெரியவந்தது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் உட்கார்ந்து, குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு ஒரு பக்கம் எழுதினேன். மதினியிடம் காட்டினால் 'கருப்பைவாய்' என்பதை அடித்து 'கர்ப்பப்பை வாய்' ஆக்கினார், 'பாதிப்பு கண்டறியப்பட்டால்' என்பதை 'சந்தேகமா இருந்தா' ஆக்கினார். "அரிசில கல்லு பாக்குற மாதிரின்னு போடுங்க, அரிசி மோசம்னா பாக்குறோம்?" என்றதும் அவர்தான், அதை முதல் வரியாக வைத்தேன். சித்தி அதையும் படிக்கவில்லை, "பேசி அனுப்பு பாப்பா" என்றார். இரண்டு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் போட்டேன், இப்போது அது எனக்குத் தெரியாத குரூப்பில் எல்லாம் சுற்றுகிறதாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: வீட்டுப் பெண்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் வீட்டு விலக்கு நாளில் வேண்டாம், ஆதாரும் போன் நம்பரும் கையில் இருக்கட்டும், டெஸ்ட் நாள் என்ன என்று அந்த அக்காவிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையை வாங்கியதும் பின்பக்கம் "நல்லாருக்கு" அல்லது "இன்னொரு தடவை பார்க்கணும்", இந்த இரண்டில் எது என்று தமிழில் எழுதி வாங்குங்கள், நர்ஸம்மா மறுக்கவில்லை. மதினி அட்டையில் எழுதி வாங்கிவிட்டார், அடுத்த தேதியை பீரோ கதவின் உள்பக்கம், கேஸ் சிலிண்டர் மாற்றின தேதிகளுக்குக் கீழே குறித்து வைத்திருக்கிறார். சித்தி மட்டும் இன்னும் அந்த 3,500 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.