பழைய ஓய்வூதியமா, என்.பி.எஸ்ஸா, யு.பி.எஸ்ஸா: 'பாதிச் சம்பளம்' எங்கே வேறுபடுகிறது

மத்திய அரசு ஊழியர்கள் இன்று மூன்று ஓய்வூதிய ஏற்பாடுகளின் கீழ் பிரிந்து கிடக்கிறார்கள். 2004 ஜனவரி 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு (முப்படையினர் நீங்கலாக) தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது என்.பி.எஸ். 2025 ஏப்ரல் 1 முதல் அந்த என்.பி.எஸ். குடைக்குள்ளேயே இன்னொரு தேர்வாக ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், யு.பி.எஸ். 2003 டிசம்பர் 22-க்கு முன் விளம்பரமான பணியிடங்களில் தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும், பழையதற்குத் திரும்ப 2023-ல் ஒரே ஒரு முறை வாய்ப்புத் தரப்பட்டது.

பழையதிலும் பாதிச் சம்பளம், யு.பி.எஸ்ஸிலும் பாதிச் சம்பளம் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் 'பாதி' கணக்கிடப்படும் விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

எதன் பாதி, எத்தனை ஆண்டுக்கு

பழைய திட்டத்தில் கடைசி மாத அடிப்படைச் சம்பளம் அல்லது கடைசி 10 மாதச் சராசரி, இரண்டில் எது கூடுதலோ அதில் 50 சதவீதம். தகுதிப் பணிக்காலம் 10 ஆண்டு இருந்தாலே வயது முதிர்வு ஓய்வில் முழுப் பாதியும் கிடைக்கும். முழு ஓய்வூதியத்துக்கு 33 ஆண்டு வேண்டும் என்ற பழைய நிபந்தனை ஆறாவது ஊதியக் குழுவோடு போய்விட்டது.

யு.பி.எஸ்ஸில் கடைசி 12 மாதச் சராசரிதான் அடிப்படை. ஓய்வுக்கு இரண்டு மாதம் முன்பு கிடைத்த பதவி உயர்வு பழைய திட்டத்தில் முழுதாகக் கணக்கில் ஏறும்; இங்கே பன்னிரண்டில் இரண்டு பங்குதான் ஏறும். அதைவிட முக்கியம், பணிக்காலம் மாதக் கணக்கில் எண்ணப்பட்டு 300-ஆல் வகுக்கப்படுகிறது. சராசரி அடிப்படைச் சம்பளம் ரூ.1,00,000 என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டு முடித்தவருக்கு மாதம் ரூ.50,000. 20 ஆண்டு என்றால் 240/300, அதாவது ரூ.40,000. 12 ஆண்டு என்றால் ரூ.24,000. பழைய திட்டத்தில் அந்த 12 ஆண்டுக்காரரும் ரூ.50,000 வாங்கியிருப்பார். 10 ஆண்டு முடித்த எவருக்கும் ரூ.10,000-க்குக் குறையாது என்ற உத்தரவாதமும் யு.பி.எஸ்ஸில் உண்டு, 10 ஆண்டுக்குக் கீழே எதுவும் இல்லை.

300 மாதம் என்பது உச்சவரம்பு. 22 வயதில் சேர்ந்து 60-ல் ஓய்வு பெறுபவர் 38 ஆண்டு பிடித்தம் கட்டுகிறார். கடைசி 13 ஆண்டின் பிடித்தத்தால் அவர் ஓய்வூதியச் சதவீதம் ஒரு புள்ளிகூட ஏறாது. 35 வயதில் சேர்ந்தவருக்கும் அதே பாதிதான். ஆகவே யு.பி.எஸ். தாமதமாகச் சேர்ந்தவருக்குச் சாதகம். இளவயதில் சேர்ந்தவருக்கு என்.பி.எஸ்ஸில் கூட்டு வட்டி வேலை செய்ய 38 ஆண்டு இருக்கிறது. இதைச் சொல்லாமல் 'எது நல்லது' என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை.

யார் பணம், எங்கே போகிறது

என்.பி.எஸ்ஸில் ஊழியர் பங்கு, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம். அரசின் பங்கு 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதம்; அதற்கு முன் 10. இரண்டும் ஊழியரின் பெயரிலேயே சேர்கின்றன. யு.பி.எஸ்ஸில் அரசு 18.5 சதவீதம் போடுகிறது. கேட்கக் கூடுதலாகத் தெரிந்தாலும் ஊழியர் கணக்குக்கு வருவது 10 மட்டுமே, மீதி 8.5 பொதுத் தொகுப்புக்குப் போகிறது, உத்தரவாதத்தைக் காப்பாற்ற. ஓய்வின்போது தனிக் கணக்கில் உள்ள தொகையும் பொதுத் தொகுப்போடு சேர்ந்துவிடும். உத்தரவாதத்துக்கு ஊழியர் கொடுக்கும் விலை இதுதான்.

இன்னொரு கண்ணியும் உண்டு. யு.பி.எஸ். ஓய்வூதியச் சூத்திரத்தில் பாதிச் சம்பளம், 300 மாதக் கணக்கு ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு விகிதம் வருகிறது: உங்கள் கணக்கில் உண்மையில் உள்ள தொகை, வகுத்தல் 'அளவுகோல் தொகை'. எல்லா மாதமும் பிடித்தம் சரியாகச் சேர்ந்து, ஊழியர் வேறு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே பொருந்தும் இயல்பு முதலீட்டு முறையிலேயே இருந்து, இடையில் எதையும் எடுக்காமல் இருந்தால் எவ்வளவு இருக்குமோ அதுதான் அளவுகோல். பிள்ளையின் படிப்புக்கென்று இடையில் பணம் எடுத்தவருக்கோ, அலுவலகத் தாமதத்தால் சில மாதப் பிடித்தம் விடுபட்டவருக்கோ, சொந்த முதலீட்டுத் தேர்வில் அடி வாங்கியவருக்கோ விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கி, ஓய்வூதியமும் அதே அளவு குறையும். குறையும் தொகையைக் கட்டி நிரப்பிக்கொள்ள வழி உண்டு. அளவுகோலைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த உபரி கைக்கு வரும். ஓய்வுக்குச் சில ஆண்டு முன்பே கணக்கு அறிக்கையை எடுத்து, விடுபட்ட மாதங்களைத் தேடிப் பார்ப்பது நல்லது. கடைசி மாதத்தில் தேடினால் பழைய அலுவலகத்துக் கோப்பு கிடைக்காது.

மொத்தத் தொகை: இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்

பழைய திட்டத்தின் கம்யூட்டேஷன், அதாவது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை ஒப்படைத்து மொத்தமாகப் பணம் வாங்குவது, எல்லோருக்கும் பழக்கம். ரூ.50,000 ஓய்வூதியத்தில் 40 சதவீதம், அதாவது ரூ.20,000-ஐ ஒப்படைத்தால், 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கான காரணி 8.194. 20,000 × 12 × 8.194 = ரூ.19,66,560 கைக்கு வரும். மாதம் ரூ.30,000 ஆகக் குறையும். அகவிலை நிவாரணம் மட்டும் முழு ரூ.50,000-க்கே கணக்கிடப்படும். 15 ஆண்டு கழித்து வெட்டிய பகுதி திரும்ப வந்துவிடும்.

யு.பி.எஸ்ஸில் இரண்டு மொத்தத் தொகைகள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, முடித்த ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு. ரூ.1,00,000 அடிப்படை, 58 சதவீத அகவிலைப்படி என்றால் 15,800 × 50 = 25 ஆண்டுக்கு ரூ.7,90,000. இதனால் மாத ஓய்வூதியம் குறையாது, பணிக்கொடையும் தனி.

இரண்டாவது, ஊழியரின் தனிக் கணக்கில் சேர்ந்த தொகுப்பில் 60 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும் உரிமை. எடுத்த விகிதத்துக்கு ஏற்ப ஓய்வூதியம் குறையும். 15 ஆண்டு கழித்துத் திரும்பி வருவதெல்லாம் இதில் இல்லை. தொகுப்பு 1 கோடி என்றால் 60 லட்சம் எடுத்ததும் ரூ.50,000 என்பது ரூ.20,000 ஆகிவிடும். இழந்த ரூ.30,000-த்தோடு 58 சதவீத அகவிலை நிவாரணத்தையும் சேர்த்தால் மாதம் ரூ.47,400, ஆண்டுக்கு ரூ.5,68,800. எடுத்த 60 லட்சத்தில் இது 9.48 சதவீதம். விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறும் வருமானத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அதை ஈடுகட்ட அந்தப் பணம் முதல் ஆண்டிலேயே இவ்வளவு சம்பாதிக்க வேண்டும். தொகுப்பு 70 லட்சம்தான் என்றால் கைக்கு வருவது 42 லட்சம், இழப்பு அதே ரூ.30,000. தொகுப்பு சிறியதாக இருக்க இருக்க, எடுப்பது நஷ்டம். கடும் நோயோ, அடைத்தே ஆக வேண்டிய கடனோ இல்லாதவர் இதைத் தொடாமலிருப்பதே மேல் என்பது எங்கள் கணிப்பு.

என்.பி.எஸ்ஸில் 60 சதவீதம் வரி இல்லாமல் கைக்கு வரும். குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆனுவிட்டி (காப்பீட்டு நிறுவனத்திடம் மொத்தப் பணம் கட்டி வாங்கும் வாழ்நாள் வருமானம்) வாங்க வேண்டும். அசலைத் திருப்பித் தரும் ஆனுவிட்டி 6.5 சதவீதம் தருவதாகக் கொண்டால், யு.பி.எஸ்ஸின் முதல் மாதத் தொகையான ரூ.79,000-ஐ (50,000-மும் 58 சதவீதமும்) எட்ட சுமார் ரூ.1.46 கோடியை ஆனுவிட்டியில் முடக்க வேண்டும். அதுவும் சாகும் வரை அதே ரூ.79,000, அகவிலை நிவாரணம் கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் 20 ஆண்டில் அதன் வாங்கும் சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் அந்த ரூ.1.46 கோடி கடைசியில் பிள்ளைகளுக்கு வரும். யு.பி.எஸ்ஸில் வராது.

குடும்பத்துக்கு என்ன

ஓய்வுக்குப் பின் யு.பி.எஸ். ஓய்வூதியர் இறந்தால் துணைவருக்கு 60 சதவீதம். பழைய திட்டத்தின் இயல்புக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பாதியில் அறுபது விழுக்காடும் அதே முப்பதுதான். வித்தியாசம் பெறுபவர்களில் இருக்கிறது. யு.பி.எஸ்ஸில், ஓய்வு நாளில் சட்டப்படி மணமுடித்திருந்த துணைவர் மட்டும். அவருக்குப் பின் நின்றுவிடும். பழைய திட்டத்தில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை, மணமாகாத அல்லது கணவரை இழந்த மகள், சார்ந்திருந்த பெற்றோர் என்று அது நீளும். வாழ்நாள் முழுதும் பராமரிக்க வேண்டிய பிள்ளை உள்ள குடும்பத்துக்கு, அசல் திரும்பும் என்.பி.எஸ். ஆனுவிட்டியே யு.பி.எஸ்ஸைவிடப் பாதுகாப்பு. பணியில் இருக்கும்போதே இறந்தால் நிலைமை வேறு: என்.பி.எஸ்., யு.பி.எஸ். இரண்டிலும் பழைய விதிப்படியான குடும்ப ஓய்வூதியத்தைத் தேர்ந்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30 என்று 100 வயதில் இரட்டிப்பாகும் கூடுதல் ஓய்வூதியம் பழைய திட்டத்தில் உண்டு. யு.பி.எஸ். அறிவிக்கையில் அது இல்லை.

இடையில் வெளியேறினால்

விருப்ப ஓய்வு பெறும் யு.பி.எஸ். ஊழியருக்கு ஓய்வூதியம் அன்றே தொடங்காது. பணியில் தொடர்ந்திருந்தால் எந்த நாளில் ஓய்வு பெற்றிருப்பாரோ அன்றுதான் தொடங்கும். 50 வயதில் வெளியேறுபவர் 10 ஆண்டு வேறு வருமானம் பார்க்க வேண்டும். ராஜினாமா, பணிநீக்கம் என்றால் உத்தரவாதமே கிடையாது. தனியார் வேலைக்குத் தாவும் எண்ணம் உள்ளவருக்கு என்.பி.எஸ். சரி, கணக்கு கூடவே வரும்.

கஜானாவின் பக்கம்

பழைய திட்டத்தில் நிதி சேமிக்கப்படுவதில்லை. இன்றைய வரியிலிருந்து இன்றைய ஓய்வூதியம் போகிறது. ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்கண்ட், பஞ்சாப், இமாச்சல் ஆகிய மாநிலங்கள் அதற்குத் திரும்புவதாக அறிவித்ததன் நிதிக் கணக்கு எளிது. என்.பி.எஸ்ஸுக்கு மாதாமாதம் கட்டும் அரசுப் பங்கு உடனே மிச்சமாகும். 2004-க்குப் பின் சேர்ந்தவர்கள் கூட்டமாக ஓய்வு பெறத் தொடங்குவது 2030-களின் நடுவில்தான். ஆட்சியில் இருப்பவருக்கு லாபம், அடுத்தடுத்து வருபவருக்குச் செலவு. 2023 செப்டம்பர் ரிசர்வ் வங்கி மாத இதழில் வெளியான ஆய்வு, எல்லா மாநிலங்களும் திரும்பினால் மொத்தச் சுமை என்.பி.எஸ்ஸைப்போல 4.5 மடங்கு வரை போகலாம், 2060 வாக்கில் ஆண்டுக்கு நாட்டு மொத்த உற்பத்தியில் 0.9 சதவீதம் கூடுதலாகலாம் என்று கணக்கிட்டது.

யு.பி.எஸ். அந்தச் செலவை முன்கூட்டியே கட்ட வைக்கிறது. முதல் ஆண்டுக் கூடுதல் செலவு ரூ.6,250 கோடி என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசு சொன்னது. பொதுத் தொகுப்புக்குப் போகும் 8.5 சதவீதம் போதுமா என்பது முதலீட்டு வருமானத்தையும் ஊழியர்களின் ஆயுளையும் பொறுத்தது. போதாவிட்டால் இடைவெளி மீண்டும் வரிப்பணத்தின் தலையில்தான் விழும்.

தமிழ்நாட்டின் கதை தனி. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். ஆனால் மாநிலம் மத்திய ஓய்வூதிய ஒழுங்காற்று ஆணையத்தின் கீழ் சேரவில்லை. 2026 ஜனவரியில் மாநில அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டமும் ஊழியரிடம் 10 சதவீதம் பிடித்து, கடைசிச் சம்பளத்தில் பாதி தருவதாகச் சொல்கிறது. மேலே உள்ள 300 மாதக் கணக்கை அதற்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

புதிதாகச் சேருபவருக்கு

ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் யு.பி.எஸ்ஸுக்கு மாறும் கடைசி நாள் மூன்று முறை சொல்லப்பட்டு, 2025 நவம்பர் 30-ல் முடிந்தது. புதிதாகச் சேருபவருக்கு 30 நாள் அவகாசம். யு.பி.எஸ்ஸிலிருந்து என்.பி.எஸ்ஸுக்கு ஒரு முறை திரும்பலாம்: ஓய்வுக்கு ஓராண்டு முன்பு வரை, அல்லது விருப்ப ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பு வரை. அப்படி மாறும்போது அரசுப் பங்கில் விட்டுப்போன 4 சதவீத வேறுபாடும் சேர்த்துத் தரப்படும். என்.பி.எஸ்ஸில் இருந்துவிட்டவருக்கு எதிர்த்திசையில் வழி இல்லை. ஆகவே முடிவு எடுக்க முடியாத புதியவர் முதலில் யு.பி.எஸ். படிவத்தைக் கொடுத்துவிட்டு, ஓய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பு தொகுப்பைப் பார்த்து மறுபடி தீர்மானிக்கலாம். ஒன்று மட்டும்: துறைசார் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் இந்தக் கதவு திறக்காது.