பிராண்ட் பெயரைச் சொல்லிப் பிக்கப் விற்கிறார்கள், ஜாக்கிரதை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சர்ச் குழுவிலோ காலேஜ் பேண்டிலோ வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். அமெரிக்க பிராண்ட் பெயர் ஒட்டிய போலி பிக்கப்பை (கிட்டார் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்) என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்பதாயிரம் ரூபாயோடு, கிட்டாரில் இருந்த நல்ல பிக்கப்பும் போயிற்று.

விற்றவர் கடை வைத்திருப்பவர் இல்லை. கோவையிலிருந்து சரக்கு எடுத்து வந்து, போனில் ஆர்டர் பிடித்து, வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுப்பவர். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. என் கிட்டாரை அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. கையில் வாங்கியதுமே, "இதுல இருக்கறது பேர் ஊர் தெரியாத பிக்கப் சார். டங்கன் ஜேபி போட்டுப் பாருங்க, அமெரிக்கா சரக்கு. பழச நான் எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறேன்" என்றார். அவர் சொன்ன ஜேபி, அமெரிக்காவின் சீமோர் டங்கன் கம்பெனியின் பிக்கப் மாடல். எக்ஸ்சேஞ்சுக்கு ஐந்நூறு ரூபாய் கழித்தார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் 'பிக்கப் 1' என்று எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பேச்சுதான் இவர்களுடைய முதலீடு. பெயர் இல்லாதது மட்டம், பெயர் இருந்தால் உசத்தி என்ற எண்ணம் வாங்குகிறவர் மனதில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டினால் போதும், வியாபாரம் முடிந்தது.

கேரல் ஒத்திகையில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சத்தத்தைச் சற்றுக் கூட்டியதும் புது பிக்கப் கீச்சென்று அலறியது. பிக்கப்புக்குள் இருக்கும் செம்புக் கம்பிச்சுற்று தளர்வாக இருந்தால் அது தானே அதிர்ந்து மைக் மாதிரி வேலை செய்யும். அதைத் தடுக்கத்தான் அந்தச் சுற்றை, அதாவது காயிலை, மெழுகில் முக்குவார்கள். அசல் ஜேபி மெழுகில் முக்கியே வருகிறது. இதைக் கழற்றிப் பார்த்தால் மெழுகின் தடமே இல்லை. அடியில் இருந்த காந்தம் கன்னங்கரேலென்ற செராமிக் கட்டை. ஜேபியில் இருப்பது அல்னிகோ 5, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் காந்தம். வயர் நிறமும் பொருந்தவில்லை. இந்த வகை பிக்கப்பில் இரண்டு காயில். டங்கனில் கறுப்பும் வெள்ளையும் ஒரு காயில், பச்சையும் சிவப்பும் இன்னொன்று. இதில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மல்டிமீட்டர் அசையவே இல்லை. கறுப்பும் சிவப்பும்தான் ஜோடி. கடைசியாக மொத்த மின்தடையை அளந்தேன். ஜேபிக்குச் சுமார் 16.4 கிலோ ஓம் இருக்க வேண்டும். இது காட்டியது 7.9.

போன் போட்டேன். "ஊட்டிக் குளிருக்கு மீட்டர் குறைச்சுத்தான் சார் காட்டும்" என்றார். இந்தப் பதிலை உங்களிடமும் சொல்லக்கூடும், அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குளிரில் செம்புக் கம்பியின் தடை குறைவது உண்மைதான், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். 20 டிகிரியில் 16.4 காட்டுவது 10 டிகிரியில் 15.7 காட்டும். உறைபனி விழும் காலையில் பூஜ்ஜியத்தில் அளந்தாலும் 15-க்குக் கீழே போகாது. பாதியாகக் குறைவதற்கு நீலகிரியில் எந்தக் குளிரும் போதாது. அதன்பின் அவர் போனை எடுக்கவில்லை.

டங்கன் கம்பெனி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் பெயரைத் திருடித்தான் இந்தப் பிழைப்பு நடக்கிறது. ஆனால் பெயருக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்று எல்லோரும் யோசிக்க வேண்டும். பிக்கப் என்பது காந்தம், அதைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பி. இரண்டு காயில் பிக்கப்பான ஹம்பக்கரை, கிட்டார் தயாரிக்கும் கிப்சன் கம்பெனியில் வடிவமைத்த சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1959-ல் கிடைத்தது. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு காயில்கள் கரண்ட் இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துவிடும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அந்தக் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. சின்ன கம்பெனிகள் அதே காந்தம், அதே 42 கேஜ் (தடிமன் எண்) கம்பி வைத்து நன்றாகவே சுற்றுகின்றன. செராமிக் என்றாலே மட்டம் என்றும் நினைத்துவிடாதீர்கள். டிமார்சியோ கம்பெனியின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் 1970-களிலிருந்து செராமிக்கில்தான் வருகிறது. ஓம் அதிகமென்றால் நல்ல பிக்கப் என்பதும் விற்பனைப் பேச்சு. இன்னும் மெல்லிய கம்பி சுற்றினாலே ஓம் ஏறிவிடும். சொன்ன மாடலும் வந்த பொருளும் ஒன்றுதானா என்று சரிபார்க்க அந்த எண் உதவும், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

மாற்றுவதற்கு முன் இருக்கிற பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூவால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். காசே ஆகாத இந்த வேலையில் பாதிப் பேருக்குத் தேவையான சவுண்டு கிடைத்துவிடும். ஹம்பக்கருக்கு 250 கே (கிலோ ஓம்) வால்யூம் பாட், அதாவது சத்தக் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடை, போட்டிருந்தால் மந்தமாகத்தான் கேட்கும், அதை 500 கே ஆக்குங்கள். அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், நண்பர் ஒருவரை உங்கள் கிட்டாரையும் அந்தப் பிக்கப் மாட்டிய இன்னொரு கிட்டாரையும் ஒரே ஆம்பில் ஒரே சத்த அளவில் வாசிக்கச் சொல்லி, முதுகைக் காட்டி உட்கார்ந்து கேளுங்கள். சத்த அளவு மிக முக்கியம், கூடுதல் சத்தமாக இருப்பதைக் காது நல்லது என்று சொல்லிவிடும். கிட்டாரில் வாசிக்கும் கம்பிகளின் இடைவெளியையும் அளந்து சொல்லுங்கள். முதல் கம்பிக்கும் ஆறாவதுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் இருக்கும் பிக்கப்பும் உண்டு, 53 இருப்பதும் உண்டு. விற்கிறவர் எதிரிலேயே மீட்டர் வையுங்கள். மறுத்தால் வாசல் வரை வழியனுப்பி வையுங்கள். பழைய பிக்கப்பை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நான் செய்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சரியான பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

என் பழைய பிக்கப்பை அவர் வேறு யாருக்காவது விற்கப் பார்ப்பார். கறுப்பு ஹம்பக்கர், அடித்தட்டில் லேபிள் கிடையாது, பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கத்தது என்ற அடையாளத்துக்கு ஒரு மூலையில் பச்சை நெயில் பாலிஷில் புள்ளி வைத்திருந்தேன். உங்களிடம் வந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்தப் பெயர் சொல்லி விற்றார் என்பதையும் சேர்த்து.