எடை கூட்ட எது மேல்: அள்ளிச் சாப்பிடுவதா, பவுடரா, அளந்து கூட்டுவதா?

எடை ஏற்றச் சொல்லிப் பயிற்சியாளர் கேட்டதும் விளையாட்டு வீரர்கள் பலர் கண்ணில் பட்டதையெல்லாம் சாப்பிடுகிறார்கள். இல்லையென்றால் பெரிய டப்பா மாஸ் கெயினர் (எடை கூட்டும் பவுடர்) வாங்குகிறார்கள். வழக்கமான சாப்பாட்டோடு கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும் மூன்றாவது வழிக்குப் பொறுமை வேண்டும். என் ஓட்டு அதற்குத்தான்.

அள்ளிச் சாப்பிட்டால் எடை சட்டென்று ஏறும், மறுக்கவில்லை. ஏறுவது என்ன என்பதுதான் கேள்வி. 2013-ல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், உயர்மட்ட வீரர்களில் ஒரு குழு ஆலோசகர் சொன்னபடி தினமும் ஏறக்குறைய 3,600 கலோரி சாப்பிட்டது. விருப்பப்படி சாப்பிட்ட குழு 3,000 கலோரியை ஒட்டியே இருந்தது. உடல் எடை முதல் குழுவுக்கு 3.9%, மற்றதற்கு 1.5% கூடியது. ஆனால் கொழுப்பு 15%, 3% எனக் கூடியது. தசையில் பெரிய வித்தியாசம் இல்லை. திட்டம் போட்டு அதிகம் சாப்பிட்டவர்களுக்கே இந்த நிலை என்றால், அள்ளிச் சாப்பிடுபவர்களைச் சொல்லவே வேண்டாம்! ஓட்டம், தாண்டுதல் போன்றவற்றில் அந்தக் கொழுப்பு வெறும் சுமை. அப்புறம் அதைக் குறைக்கப் போனால் தசையும் கொஞ்சம் சேர்ந்தே போகும்.

கெயினர் பவுடர்களில் பெரும்பாலானவற்றில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, சீக்கிரம் செரிக்கும் மாவுச்சத்துப் பொடிதான் அதிகம். சிலவற்றில் ஒரு வேளை அளவே 1,000 கலோரியைத் தாண்டும். பயணத்தில் இருப்பவருக்குக் கைகொடுக்கும், சரி. ஆனால் தடைசெய்த மருந்து கலந்த பவுடரால் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினாலும் பொறுப்பு வீரருடையதே. போட்டியில் இருப்பவர் தொகுதிவாரியாகச் சோதித்துச் சான்று பெற்றதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது.

அளந்து கூட்டுவது என்றால் தினமும் 350 முதல் 500 கலோரி கூடுதல். புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 முதல் 2.2 கிராம், நான்கைந்து வேளையாகப் பிரித்து. கூடவே எடைப் பயிற்சி கட்டாயம். பசி இல்லாதவர்கள் குடித்துவிடலாம்: 300 மில்லி கொழுப்பு நீக்காத பால், ஒரு வாழைப்பழம், இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்து அடித்தால் ஏறக்குறைய 480 கலோரி. திரவம் வயிற்றை அவ்வளவாக அடைக்காது.

70 கிலோ வீரருக்கு வாரம் 175 முதல் 350 கிராம் கூடினால் போதும். காலை எடைகளின் வாரச் சராசரியைப் பாருங்கள். கிரியேட்டின் (தசை வலுவுக்காக எடுக்கும் துணை உணவு) தொடங்கிய வாரத்தில் ஏறுவது பெரும்பாலும் தண்ணீர், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு வாரம் அசையவே இல்லை என்றால் இன்னொரு 200 கலோரி கூட்டிப் பார்க்கலாம்.