தண்ணி கேன் கணக்குக்கு ஒரு சர்வர்: லினோட் சென்னை 5 டாலர் பிளான், எட்டு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

எங்க ஏரியாவுக்கு தண்ணி கேன் போடுற மாமாவுக்கு ஒரு கணக்கு ஆப் எழுதிக் குடுத்திருக்கேன். பைதான்ல வெப் ஆப் எழுத உதவுற ஜாங்கோல எழுதுனது, மொத்தம் 140 வீடு, யாருக்கு எத்தனை கேன் போச்சு, காலி கேன் எத்தனை திரும்ப வந்துச்சு, யார் எவ்ளோ பாக்கி, அவ்ளோதான். ஒரு நாளைக்கு மிஞ்சிப் போனா ரெண்டாயிரம் ரிக்வெஸ்ட் வரும். இதை ஓட்ட வாடகைக்கு எடுக்குற சர்வர்ல 1 ஜிபி ராம் இருந்தா தாராளம். ஆனா அந்த 1 ஜிபி எந்த ஊர்ல இருக்கு, அதுல நமக்குன்னு சொன்ன சிபியூ நெஜமாவே நமக்குக் கெடைக்குதாங்கறதுதான் முக்கியம்னு புரிய எனக்கு ஒரு வருஷமும் ரெண்டு சர்வர் காசும் ஆச்சு.

மொதல்ல எடுத்தது ஐரோப்பால, அதே காசுக்கு 4 ஜிபி ராம்னு பாத்ததும் ஆசைப்பட்டு எடுத்துட்டேன். மதுரைல எங்க வீட்லருந்து பிங், அதாவது ஒரு சின்ன செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர்ற நேரம், 160 மில்லிசெகண்ட். என்னடா 160 தானேன்னு நெனச்சேன், ஆனா புதுசா ஒரு கனெக்‌ஷன் போட ஒரு தடவை போய் வரணும், டிஎல்எஸ், அதாவது போற தகவலைப் பூட்டுற முறை, கைகுலுக்க ஒரு தடவை, அப்புறம்தான் பேஜே கேக்க முடியும், ஆக எழுத்து ஒண்ணு ஸ்கிரீன்ல வர்றதுக்கு முன்னாடியே அரை செகண்ட் போயிடுது, மொபைல் நெட்னா அதுக்கும் மேல. மாமா ஒரு தோள்ல கேனை வச்சுக்கிட்டு படியில நின்னு இன்னொரு கைல போனை எடுத்து 'போட்டாச்சு' பட்டனை தட்டுவாரு, ஒண்ணும் ஆகலையேன்னு திரும்பத் தட்டுவாரு, ரெண்டு என்ட்ரி விழுந்துடும். மாசக் கடைசில ஒரு வீட்டு அக்கா 'நாங்க 9 கேன்தானே வாங்குனோம், 13ன்னு போட்டிருக்கீங்க'ன்னு கேட்டப்ப அவரு முகம் சுருங்கிப் போச்சு. பட்டனை ஒரு தடவை தட்டுனதும் லாக் பண்ற மாதிரி கோடுல சரி பண்ணிட்டேன், ஆனா அவரு காத்துக்கிட்டு நிக்கிறது நிக்கல.

அடுத்து சிங்கப்பூர்ல ஒரு சின்ன கம்பெனி, பேரு வேணாம், வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா ரொம்ப சல்லிசுன்னு போட்டிருந்தாங்க, கட்டிட்டேன். பிங் 45. காலைல பறக்கும், சாயங்காலம் ஏழு மணி ஆனா படுத்துடும். சர்வர்ல என்னென்ன ஓடுதுன்னு காட்டுற டாப் கமாண்ட் போட்டுப் பாத்தா சிபியூ வரியோட கடைசில எஸ்டின்னு ஒண்ணு இருக்கும்ல, அது 35, 40 சதவீதம்னு நிக்குது. அது ஸ்டீல் டைம், அதாவது நம்ம மெஷின் வேலை செய்ய ரெடியா இருக்கு, ஆனா அடியில இருக்குற பெரிய மெஷின் அந்த நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுச்சுன்னு அர்த்தம். ஒரே மெஷின்ல அளவுக்கு மீறி ஆளேத்துனா இப்படித்தான் ஆகும். அவங்ககிட்ட புகார் டிக்கெட் போட்டேன், உங்க அப்ளிகேஷன்ல பிரச்சனைன்னு பதில் வந்துச்சு. வருஷக் காசு போனது போனதுதான். தயவுசெஞ்சு மொத தடவையே வருஷத்துக்குக் கட்டாதீங்க, மணிக்கணக்குல பில் போடுற இடமா பாத்து ஒரு வாரம் சாயங்காலம் சாயங்காலம் அந்த எஸ்டி நம்பரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மூணாவதுதான் லினோட். சர்வரை வாடகைக்கு விடுற, 2003லருந்து இருக்குற கம்பெனி, 2022ல அகமாய்ங்கற பெரிய நெட் கம்பெனி வாங்குனாங்க, 2023ல சென்னைல டேட்டா சென்டர் தொறந்தாங்க. நானோட் பிளான் 1 சிபியூ, 1 ஜிபி ராம், 25 ஜிபி டிஸ்க், மாசம் 1 டிபி டிரான்ஸ்பர் (சர்வர்லருந்து வெளிய போற டேட்டா அளவு), மாசத்துக்கு 5 டாலர். மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 5.90. எங்க வீட்டு பைபர்லருந்து பிங் 12, 13. மாமா போன்ல 4ஜில 40 சொச்சம். எட்டு மாசத்துல நான் பாத்தவரைக்கும் எஸ்டி 0லதான் நிக்குது, ஒரே ஒரு தடவை 2 பாத்தேன். இதுவும் பல பேர் பங்கு போட்டுக்குற ஷேர்டு சிபியூதான், ஆனா நாணயமா குடுக்குறாங்க.

1 ஜிபில ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பழக்க தோஷத்துல டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல் 8 போட்டேன், சும்மா இருக்குறப்பவே அது 400 எம்பி கிட்ட தின்னுது. ஒரு நாள் ராத்திரி பேக்கப் ஓடுறப்ப ராம் பத்தாம லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்னு போட்டுடுச்சு, ராம் நெறஞ்சா டிஸ்க்ல எடுத்துக்குறதுக்குன்னு லினோட் தானா குடுக்குற 512 எம்பி ஸ்வாப்பும் பத்தல, தப்பு முழுக்க என்னோடதுதான். ஒரே ஃபைல்ல அடங்குற சின்ன டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டுக்கு மாத்தி, எழுதுறப்பவே படிக்கவும் விடுற வால் மோடு ஆன் பண்ணேன், இப்ப ஜாங்கோ ஆப்பை ஓட்டுற கூனிகார்ன் ரெண்டு ஒர்க்கரோட மொத்தமே 260 எம்பிதான். எழுதுறது ஒரே ஆளுன்னா எஸ்க்யூலைட் போதும், நம்புங்க.

குறைன்னு பாத்தா, புது அக்கவுன்ட்டுக்கு மெயில் அனுப்புற போர்ட் எல்லாம் அடைச்சுதான் வச்சிருப்பாங்க, ஸ்பேமுக்காக, கேட்டுத்தான் தொறக்கணும். பேக்கப்புக்கு தனியா 2 டாலர். சர்வரை ஆஃப் பண்ணி வச்சாலும் பில் ஓடும், டெலீட் பண்ணாதான் நிக்கும், இது டிஜிட்டல் ஓஷன்லயும் அப்படித்தான். கார்டு ஆட்டோ டெபிட்டுக்கு 2021ல ரிசர்வ் வங்கி விதி மாத்துனதுலருந்து நான் எதையும் அதை நம்பி விடுறதில்ல, 30 டாலர் முன்னாடியே கட்டி வச்சுடுறேன்.

மத்ததையும் பாத்தேன். டிஜிட்டல் ஓஷன் பெங்களூர்ல 1 ஜிபி 6 டாலர், 4 டாலருக்கு 512 எம்பி, நல்ல சர்வீஸ்தான், டாக்குமென்டேஷன் அவங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. அமேசான் லைட்செயில்ல ஐபிவி4ங்கற பழைய வகை நெட் முகவரி வேணும்னா 5 டாலருக்கு 512 எம்பிதான், மும்பைல டிரான்ஸ்பர் மத்த பல ஊர்ல குடுக்குறதுல பாதி, சிபியூவும் கொஞ்ச நேரம் மட்டும் முழு வேகம். ஹெட்ஸ்னர் 2024ல சிங்கப்பூர் வந்துட்டாங்க, ஆனா ஜெர்மனில குடுக்குற 20 டிபியை அங்க எதிர்பாக்காதீங்க. ஆரக்கிளோட இலவச சர்வர் (ஃப்ரீ டியர்) பழகிக்க அருமை, ஆனா ஏழு நாள் சும்மா கெடந்தா எடுத்துக்குவோம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க, நம்ம மாதிரி லைட் லோடு அவங்க கண்ணுக்கு சும்மா கெடக்குற மாதிரிதான் தெரியும், அடுத்தவங்க பொழப்பை அதுல வைக்க எனக்கு மனசு வரல.

மலேசியா, சிங்கப்பூர்ல ஆள் இருந்தா சிங்கப்பூரே எடுங்க. கொழும்புன்னா சென்னை, சிங்கப்பூர் ரெண்டுக்கும் பிங் அடிச்சுப் பாருங்க, மேப்ல கிட்ட இருக்குங்கறதுக்காக கேபிள் அந்த வழியா போகணும்னு இல்ல.

போன வாரம் மாமா பக்கத்து ஏரியாவும் எடுத்திருக்காரு, இன்னும் 60 வீடு சேருது. பிளான் மாத்தல, ராம் பாதிக்கு மேல காலியாத்தான் கெடக்கு.