போரும் கிராமமும்: எந்த ருமேனியப் படத்தைப் பார்ப்பது?

போர், கிராமம் இரண்டும் உள்ள ருமேனியப் படம் தேடுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டில்தான்: லிவியு சுலெயின் 'தூக்கிலிடப்பட்டவர்களின் காடு' (1965), கிறிஸ்டியன் நெமெஸ்குவின் 'கலிபோர்னியா ட்ரீமின்' (2007).

போர்:
சுலெய் – முதல் உலகப்போர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் இருக்கும் ஒரு ருமேனிய அதிகாரி, சொந்த இனத்தாரையே சுட வேண்டிய நிலை.
நெமெஸ்கு – 1999, கொசோவோ போர் (யூகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டுவீசிய போர்).

கிராமம்:
சுலெய் – கொஞ்சம்தான் வரும். ஆனால் தூக்குக்குக் காத்திருக்கும் அந்த அதிகாரிக்கு இலோனா என்ற கிராமத்துப் பெண் சாப்பாடு கொண்டுவரும் காட்சி இருக்கிறதே, அப்படியே உறையவைத்துவிடும்.
நெமெஸ்கு – படமே கிராமம்தான். சுங்கத் தாள் இல்லை என்று அமெரிக்க வீரர்கள் வரும் நேட்டோ ரயிலை ஸ்டேஷன் மாஸ்டர் நிறுத்திவைக்க, மேயர் அந்த வீரர்களுக்கு விருந்து வைக்க, ஸ்டேஷன் மாஸ்டரின் மகளோ ஊரைவிட்டுப் போனால் போதும் என்று துடிக்கிறாள்.

நீளம்: இரண்டுமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். படத்தொகுப்பு முடியுமுன்பே நெமெஸ்கு விபத்தில் இறந்துவிட்டார், அது பெரிய இழப்பு.

கான் திரைப்பட விழா: இரண்டுக்குமே விருது உண்டு.

மனசாட்சிப் போராட்டம், கறுப்பு-வெள்ளை ஒளிப்பதிவு பிடிக்குமா, சுலெய். ஊர் மனிதர்களோடு சிரித்து அப்புறம் கலங்க வேண்டுமா, நெமெஸ்கு. முதல்முறை ருமேனியப் படம் பார்ப்பவருக்கும் நெமெஸ்குதான் சரி.